ஆஸ்பத்திரித் தொட்டிக்கு நம்பர் பிளேட்

என் அக்காள் புருஷன் சந்திரமோகன் ஒரு பொய்யர். நாற்பத்தைந்து வருஷமாக ஒரே பொய்யைச் சொல்லி வருகிறார். குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், பந்தி முடிந்ததும் நாலு நாற்காலியை வட்டமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பிப்பார்: "நம்ம வேலாயுதம் துபாயில ஒரு கார் வச்சிருந்தாம்லா, அந்தக் கத தெரியுமாடே ஒங்களுக்கு?"

தெரியாதவன் எவனும் பாளையங்கோட்டையில் மிச்சமில்லை. இருந்தாலும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.

நான் துபாயில் கார் வைத்திருந்ததில்லை. எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. லைசென்ஸ் பரீட்சைக்கு ஏழு தடவை போய் ஏழு தடவையும் தோற்றவன். (ஏழாவது தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.) அந்தக் கார் சந்திரமோகன் அத்தானுடையது. கதையில் வரும் மற்ற முட்டாள்தனம் எல்லாம் என்னுடையது. அதை நான் மறுக்கவில்லை. என் பங்கு எது, அவர் பங்கு எது என்று பிரித்து எழுதி வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் துபாயின் தேரா பகுதியில் ஒரு கட்டுமானச் சாமான் கம்பெனியில் கிளியரிங் கிளார்க். கப்பலில் சரக்கு வந்து இறங்கியதும், அதற்கான காகிதத்தை எழுதி, ஜும்ருக் எனப்படும் கஸ்டம்ஸ் ஆபீஸில் காட்டி, சீல் வாங்கி, சரக்கை வெளியே எடுத்து வருவதுதான் வேலை. வேலை சின்னது. ஆனால் இருபத்தாறு வயதில் என் நினைப்பு சின்னதாக இல்லை. சட்டைப் பையில் நாலு பேனா வைத்திருப்பேன். அதில் ஒன்று பச்சை மை. எனக்குக் கீழே யாருமே கிடையாது, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு அனுப்ப ஒரு காகிதமும் கிடையாது. இருந்தாலும் வைத்திருந்தேன்.

அப்போது எங்கள் அர்பாப் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சாமான் கொடுக்கும் காண்ட்ராக்ட் எடுத்திருந்தார். (அர்பாப் என்றால் முதலாளி. நம் விசா, நம் பாஸ்போர்ட், நம் தூக்கம் எல்லாம் அவர் பீரோவில் இருக்கும்.) ஆஸ்பத்திரிக்கு வரும் சாமானுக்கு வரி கிடையாது. டைல்ஸ், குழாய், பம்பு, நாற்காலி, குளிக்கும் தொட்டி என்று பத்துப் பக்கத்துக்கு ஒரு லிஸ்ட் உண்டு. அந்த லிஸ்ட்டில் இருந்தால் சீல், இல்லாவிட்டால் வரி.

அங்கே வரி என்பது பேருக்குத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க்காரன் கேட்டால் சிரிப்பான், அவ்வளவு குறைச்சல். அதைக் கட்டியிருந்தால் எழுதுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

அத்தான் துபாயிலேயே ஓர் இங்கிலீஷ்காரன் கம்பெனியில் எலெக்ட்ரிகல் என்ஜினியர். அந்த ஆபீஸில் கிடந்த பழைய பத்திரிகை ஒன்றில் விளம்பரம் பார்த்திருக்கிறார். மணலில் ஓடும் கார். பாகம் பாகமாகப் பெட்டியில் வரும், வீட்டிலேயே நாமே பூட்டிக்கொள்ளலாம். அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து அக்காவிடம் காட்டினார். நானும் இருந்தேன்.

அக்கா படத்தைப் பார்த்தாள். "அடுப்படில லைட்டு ஸ்விட்ச் போயி நாலு மாசமாச்சு. அத மாட்ட நேரமில்ல ஒங்களுக்கு. காரு கட்டப் போறீகளாக்கும்."

"ஸ்விட்ச் மாட்ட எலெக்ட்ரீஷியன் போதும்டீ. இது என்ஜினியர் வேல."

"அப்ப எலெக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க."

கூப்பிடவில்லை. கார் வந்தது. நாலு பெரிய மரப்பெட்டி, எங்கள் ஆஸ்பத்திரிச் சாமான் வந்த அதே கப்பலில் வந்து இறங்கியது. அத்தான் என் ஆபீஸுக்கு வந்தார்.

"மாப்ளே, இதுக்கு டியூட்டி கட்டணுமாமே. எங்க போயிக் கட்டணும்?"

அவர் கட்டத்தான் வந்தார். இதை நான் மறைக்க மாட்டேன். நான்தான் நாற்காலியில் சாய்ந்து, நாலு பேனாவில் ஒன்றை எடுத்துத் திருகிக்கொண்டே சொன்னேன்: "நீங்க எதுக்கு அத்தான் டியூட்டி கட்டணும்? அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

நான் எதற்கு இருந்தேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எழுதுபவன் புதுசு. இந்தப் பெட்டி லிஸ்ட்டில் எந்த வரியில் போய் உட்காரும் என்று பார்ப்பவன்தான் கைதேர்ந்தவன். நான் என்னைக் கைதேர்ந்தவன் என்று நம்பினேன். பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். காரின் உடம்பு ஃபைபரில் செய்தது. வான நீலம். கதவு கிடையாது, கூரை கிடையாது. வழுவழுவென்று குழிந்து கிடந்தது. 'குளிக்கும் தொட்டி, பெரியது, ஒன்று' என்று எழுதினேன். எழுதியதும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அதன்பிறகு கை நிற்கவில்லை. என்ஜினைத் 'தண்ணீர் பம்பு, மோட்டாருடன்' என்று எழுதினேன். அடிச்சட்டம் 'தொட்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு' ஆயிற்று. சீட்டு இரண்டும் 'நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலி'. டயர் 'ஸ்ட்ரெச்சர் சக்கரம், ஐந்து'. ஸ்டீயரிங் 'குழாய் வால்வு திருகும் சக்கரம்'. முன்விளக்கு இரண்டையும் 'ஆபரேஷன் தியேட்டர் விளக்கு' என்று போட்டேன். கடைசியில் பச்சை மையில் கோடு போட்டு முடித்தேன்.

சீல் விழுந்துவிட்டது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பத்துப் பக்க லிஸ்ட்டில் ஏழு வரியை எவன் பார்ப்பான்.

மூன்று மாதம், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக, அத்தானின் கட்டிடத்துக்குப் பின்னால் இருந்த மணல் திடலில் அந்தக் காரைப் பூட்டினோம். அவர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வார், நான் ஸ்பேனர் பிடிப்பேன். அக்கா மாடியிலிருந்து டீயும் கேலியும் அனுப்புவாள். மூன்றாம் மாதக் கடைசியில் என்ஜின் உறுமியது. அத்தான் திடலைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்தார். அக்கா முக்காட்டை இறுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாவது வட்டம் போனாள். இறங்கியதும், "இருக்கட்டும். ஸ்விட்ச்ச எப்ப மாட்டுவீக?" என்றாள். ஆனால் முகம் சிரித்திருந்தது.

அடுத்து நம்பர் வாங்க வேண்டும். டிராபிக் ஆபீஸில் பிரேக் பார்த்தார்கள், விளக்குப் பார்த்தார்கள், ஹாரனை அடித்துப் பார்த்தார்கள். எல்லாம் சரி. கவுண்டரில் இருந்த இளம் போலீஸ்காரர் கையை நீட்டினார். "ஜும்ருக் பேப்பர்."

காருக்கு வரி கட்டிய ரசீது. அத்தான் என்னைப் பார்த்தார். நான் எந்த நம்பிக்கையில் அதைச் செய்தேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. சீல் விழுந்த காகிதம் எதுவாக இருந்தாலும் சரிதான் என்று, அந்த ஆஸ்பத்திரி லிஸ்ட்டையே எடுத்து நீட்டினேன். அவர் படித்தார். எழுந்து ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"இதுல சியாரா மாஃபி" என்றார். சியாரா என்றால் கார். காகிதத்தில் கார் இல்லை. "சியாரா மாஃபி, நம்பர் மாஃபி. கலாஸ்." கலாஸ் என்றால் முடிந்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அத்தான் கேட்டார். "மாப்ளே, நீ என்னதான்டே எழுதுன?"

சொன்னேன். அத்தான் காரின் மூக்கில் உட்கார்ந்துவிட்டார். "ஸ்ட்ரெச்சருக்கு எதுக்குடே அஞ்சு சக்கரம்?" என்றார்.

நான் அதை யோசித்திருக்கவில்லை.

என் பயம் காரைப் பற்றியதல்ல. அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். லீவு சொல்லியாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று. கோமதியின் அப்பா திருநெல்வேலியில் வணிகவரித் துறையில் இருந்தார். மூன்று தடவை விசாரித்துவிட்டுத்தான் பெண் கொடுக்கச் சம்மதித்தவர். பையன் குடிக்க மாட்டான், வேலை நிரந்தரம், காகித வேலையில் சுத்தம் என்று யாரோ ஒரு புண்ணியவான் அவரிடம் சொல்லியிருந்தான். இப்போது இந்த லிஸ்ட் கிளம்பினால், பொய்க் காகிதம் அர்பாபின் லைசென்ஸ் பேரில் போனது தெரிந்துவிடும். அர்பாப் விசாவைக் கேன்சல் செய்து அனுப்பிவிடுவார். வரி ஏய்த்துத் துரத்தப்பட்டவனுக்கு வணிகவரிக்காரர் பெண் கொடுப்பாரா?

பேசாமல் காரை மூடி வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் போலீஸ்காரர் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டார். அவர் ஒரு போன் செய்தால் போதும். அதற்கு முன்னால் நானே போய் வரியைக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

என்னோடு வேலை பார்த்த தலச்சேரி ஹம்ஸா தலையில் அடித்துக்கொண்டான். "எடோ, அவனவன் வரி கட்டாம இருக்க ஓடறான். நீ கட்டணும்னு ஓடறே. ஒரு பேப்பர் காட்டினா மத்த பேப்பரெல்லாம் கேட்பாங்க, கேட்டோ."

நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கஸ்டம்ஸில் அபு நாசர் என்ற பெரிய அதிகாரி முன்னால் போய் நின்றேன். வயதானவர். சின்ன வயதில் பம்பாயில் வருஷக்கணக்கில் இருந்தவர், என்னைவிட நல்ல இந்தி பேசுவார். அவர் இந்தியில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன வேண்டும்?"

"சாப், வரி கட்ட வேண்டும். ஒரு காருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த நாற்காலிக்கு முன்னால் நின்று அப்படி ஒரு ஆசையை யாரும் சொன்னதில்லை போல.

"கார் எங்கே செய்தது?"

"இங்கேதான் சாப். வீட்டுக்குப் பின்னால்."

"இங்கே செய்தது என்றால் எனக்கு என்ன வேலை? கப்பலில் வந்ததற்குத்தான் நான் வரி வாங்குவேன். நீ தொழிற்சாலை லைசென்ஸ் கொண்டு போய் டிராபிக்கில் காட்டு."

"இல்லை சாப், கப்பலில்தான் வந்தது."

"எந்தக் கப்பல்?"

சொன்னேன். பெரிய நோட்டை எடுத்து விரலை ஓட்டினார். "அந்தக் கப்பலில் கார் வரவில்லையே."

"வந்தது சாப். பெட்டியில் வந்தது."

"அப்படியா. என்ன பேரில் வந்தது?"

லிஸ்ட்டை மேஜைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டி ஏழு வரியையும் நிதானமாகப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. படித்து முடித்ததும் சொன்னார்: "தொட்டி, பம்பு, நாற்காலி. சரி. வியாழக்கிழமை காலையில் கொண்டு வா. தொட்டியைத் தொட்டியாகவும் பம்பைப் பம்பாகவும் எனக்குக் காட்டு."

"சாப், இப்போது அது காராகிவிட்டதே."

"நீ எழுதியது கார் இல்லையே."

வியாழக்கிழமை, நம்பர் இல்லாத காரைப் பிக்கப்பில் ஏற்றிக் கஸ்டம்ஸ் முற்றத்துக்குக் கொண்டு போனோம். வாரக் கடைசி. துபாயில் இருந்த அத்தனை கிளியரிங் கிளார்க்குகளும் அங்கேதான் நின்றார்கள். மலையாளி, சிந்தி, பட்டாணி, நம் ஆள். நானும் அத்தானும் வெயிலில் குனிந்து, மூன்று மாதம் பூட்டியதை மூன்று மணி நேரத்தில் கழற்றித் தார்ப்பாயில் வரிசையாகப் பரப்பினோம். சுற்றிலும் கூட்டம். ஹம்ஸா முன்வரிசையில் டீயோடு நின்றான்.

அபு நாசர் வந்தார். கையில் என் லிஸ்ட். தார்ப்பாயின் ஓரமாக நடந்தார். ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படிப்பார், அதற்குரிய சாமானை நான் தூக்கிக் காட்ட வேண்டும்.

"தண்ணீர் பம்பு, மோட்டாருடன்."

என்ஜினைக் காட்டினேன்.

"தண்ணீர் எதன் வழியாகப் போகும்?"

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தார். "மாப்ளே, இது காத்துலயே குளிருற என்ஜின். இதுக்குள்ள தண்ணியே கெடையாதுடே."

துபாயில் இருந்த அத்தனை என்ஜினிலும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஓடாத ஒன்றைப் பார்த்துத் தண்ணீர் பம்பு என்று எழுதியிருக்கிறேன்.

"தண்ணீர் போகாது சாப்" என்றேன்.

"நோயாளி எங்கே உட்காருவார்?"

சீட்டைக் காட்டினேன்.

"ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஐந்து. ஐந்தாவது எதற்கு?"

"பஞ்சர் ஆனால் மாட்ட, சாப்."

பட்டாணிக் கிளார்க் ஒருவன் கூட்டத்திலிருந்து விலகிப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அபு நாசர் சிரிக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் விளக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொட்டியைச் சுற்றி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"வண்டி யாருடையது?"

இந்த இடத்தில்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒரு விநாடிகூட ஆகவில்லை. சந்திரமோகன் அத்தானின் வலது கை தானாக எழுந்தது. ஆள்காட்டி விரல் நீண்டது. என்னைக் காட்டியது.

நான் வாயைத் திறந்தேன். பொய் எழுதியவனும் நானே, சொந்தக்காரனும் நானே என்றால் ஒரே குற்றவாளி. அத்தானையும் இழுத்தால் இரண்டு. அக்கா மாடியில் நிற்பது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். (இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். நாக்கு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.)

"சரி" என்றார் அபு நாசர். "இங்கேயே திரும்பப் பூட்டு. ஓடினால் கார், காருக்கான வரியை வாங்கிக்கொள்கிறேன். ஓடாவிட்டால் ஆஸ்பத்திரி லிஸ்ட்டில் பழைய இரும்பைக் கொண்டு வந்ததாக எழுதி உன் அர்பாபுக்கு அனுப்புகிறேன்."

ஆக, என் வேலை, என் கல்யாணம் இரண்டும் அந்தத் தண்ணீர் போகாத பம்பின் கையில் இருந்தன. பூட்டினோம். அப்படி ஒரு வேகத்தில் வாழ்நாளில் நான் வேலை செய்ததில்லை. ஸ்பேனர் சுட்டது, சட்டம் சுட்டது, பக்கத்தில் நின்றவர்களின் யோசனை எல்லாவற்றையும்விடச் சுட்டது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து அபு நாசர் திரும்பி வந்தபோது கார் நின்றது. தார்ப்பாயில் ஒரு சின்ன ஸ்பிரிங் மட்டும் மிச்சம்.

"அத்தான், இது?"

அத்தான் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "எக்ஸ்ட்ராவா அனுப்பியிருப்பான் மாப்ளே. வெள்ளக்காரன்லா."

அபு நாசர் கந்தூரா அங்கியை ஒதுக்கிக்கொண்டு பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கையில் ஜெபமாலை. அத்தான் ஸ்டீயரிங் பக்கம் காலை எடுத்து வைத்தார். அபு நாசர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ ஏன் ஏறுகிறாய்? வண்டி இவனுடையது. சொந்தக்காரன் ஓட்டட்டும்."

அத்தான் இறங்கினார். நான் ஏறினேன். எனக்கு லைசென்ஸ் இல்லை என்று சொல்ல நினைத்தேன். இன்னொரு குற்றத்தைச் சேர்த்துச் சொல்ல மனம் வரவில்லை.

ஏழு தடவை தோற்றதில் கிளப்புவது மட்டும் தெரியும். கிளப்பினேன். முதல் கியர் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி கிளம்பியது. காலை எடுத்தேன். வண்டி நிற்கவில்லை, வேகமும் குறையவில்லை. அத்தானின் பையில் இருந்த ஸ்பிரிங்தான் அந்த மிதியை மேலே இழுக்க வேண்டியது என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

முற்றத்தை ஒரு வட்டம் அடித்தேன். கிளார்க்குகள் கை தட்டினார்கள். இரண்டாவது வட்டத்தில் சிதறி ஓடினார்கள்.

"பிரேக்" என்றார் அபு நாசர், குரலை உயர்த்தாமல்.

மிதித்தேன். அது கிளட்ச். என்ஜின் பேயாக அலறியது. பயந்து காலை எடுத்தேன். கார் குதித்தது. "அந்தப் பக்கம்" என்று காலைக் காட்டினார். அவர் எந்தப் பக்கம் காட்டினார் என்று நான் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது எதிரே சிந்தி வியாபாரி ஒருவரின் வெங்காய மூட்டைகள் சுவர்போல் நின்றன. மூட்டைமேல் ஏறினோம். மூட்டைகள் வெடித்தன. வானத்திலிருந்து வெங்காயம் பெய்தது. கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு, இருமி, அணைந்தது.

உருண்ட வெங்காயங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அபு நாசர் இறங்கினார். கந்தூராவைத் தட்டினார். மடியில் விழுந்த வெங்காயத்தை எடுத்துக் காரின் மூக்கில் வைத்தார்.

"கார்தான்" என்றார்.

ஆபீஸுக்குள் கூப்பிட்டு, ஏழு வரியையும் ஒவ்வொன்றாக அடித்து, மேலே உண்மையான பேரை எழுதி, ஒவ்வொரு அடித்தலுக்கும் என்னிடம் கையெழுத்து வாங்கினார். வரி, அதற்கு மேல் அபராதம். என் பேரில் ரசீது. பிறகு சொன்னார்: "நீயாக வந்தாய். அதனால் உன் அர்பாபுக்கு நான் எழுதவில்லை. நீயே போய்ச் சொல். இன்றைக்கே."

அர்பாப் மஜ்லிஸில், அதாவது விருந்தாளிகள் கூடத்தில், காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வெங்காயக்காரர் அவருக்குச் சிநேகிதர், போன் முன்னாலேயே வந்துவிட்டது. நான் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு இடத்தில்தான் குறுக்கிட்டார்.

"ஆபரேஷன் விளக்கும் எழுதினாயா?"

"எழுதினேன், அர்பாப்."

அவர் சிரித்ததில் காப்பி சிந்தியது. பிறகு சிரிப்பு நின்றது. கையை நீட்டினார். பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியப் போகிறார் என்று நினைத்தேன். என் சட்டைப் பையைக் காட்டினார். பேனா. நாலையும் எடுத்துக் கொடுத்தேன்.

"இனிமேல் ஹம்ஸா எழுதுவான். நீ தூக்கிக்கொண்டு போவாய். கலாஸ். கல்யாணத்துக்குப் போய் வா."

(ஒரு வருஷம் கழித்துப் பேனாக்களைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று. பச்சை வரவில்லை.)

கல்யாணம் நடந்தது. அந்தப் பந்தலிலேயே அத்தான் இந்தக் கதையை முதல் தடவையாகச் சொன்னார், என் மாமனாரை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு. தாலி கட்டி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமனார் கதை முழுவதையும் அசையாமல் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரசீது இருக்கா மாப்பிள்ள?"

இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். முழுக்க அரபி. அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் படித்தார். சீலை நகத்தால் தடவிப் பார்த்தார். "முறையாத்தான் கட்டியிருக்கீங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல தானா வந்து கட்டுன ஆள நான் பாத்ததில்ல" என்று சொல்லி, அதைப் பத்திரமாகத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோமதி தலையைக் குனிந்து குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்த முதல் சிரிப்பு அது. சரியாகச் சொன்னால், என்னைப் பற்றி.

சிரிப்பு இன்னும் ஓயவில்லை. துபாயிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் 'டப் மாமா', அதாவது தொட்டி மாமா. இப்போது அவர்களின் பிள்ளைகளுக்கு 'டப் தாத்தா'. வீட்டுக்கு வந்தால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வரிசையாக நிற்கும். "தாத்தா, குளிக்கப் போறேன். சாவி குடுங்க." நான் திட்டுவேன். திட்டாவிட்டால் அதுகளுக்குச் சப்பென்று ஆகிவிடும். கோமதி சாம்பாருக்கு வெங்காயம் உரித்தால், "கார்தான்" என்று ஒன்றை எடுத்து என் தட்டில் வைப்பாள். இதற்கெல்லாம் நான் கோபப்படுவதாக எல்லோரும் நம்புகிறார்கள். நம்பட்டும்.

என் கோபம் வேறு. ரசீது என் பேரில் இருந்ததால் நம்பரும் என் பேரில்தான் வந்தது. லைசென்ஸ் இல்லாத நான் சொந்தக்காரன். அத்தான் ஆறு வருஷம் அதை ஓட்டினார். அக்காவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் மணல்மேட்டுக்குப் போவார். பின்னால் ஒண்டிக்கொண்டு நானும் கோமதியும் போவோம். நல்ல நாட்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு அவர் ஊர் திரும்பும் முன்னால், நான் லீவில் இருந்த மாதம் பார்த்து, அதை ஒரு லெபனான்காரருக்கு விற்றுவிட்டார். என் பேரில் இருந்த வண்டியை எப்படி விற்றார், கையெழுத்தை யார் போட்டது, எந்தக் காகிதத்தில் என்ன பேரில் எழுதினார்? கேட்கும்போதெல்லாம், "விடுடே, அது ஒரு தொட்டி" என்கிறார்.

வருகிற தை மாதம் அத்தானுக்கு எண்பது. பாளையங்கோட்டையில் பெரிய மண்டபம் பிடித்திருக்கிறார்கள். மொத்தக் குடும்பமும் வரும், லெபனான்காரர் தவிர. அன்றைக்கு அவர் வழக்கம்போல் நாற்காலியை இழுத்துப் போடட்டும். கதை சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு மட்டும் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லட்டும்.

அத்தான், கார் உங்களுடையது என்றால், அன்று அபு நாசரிடம் நீங்கள் விரலால் பொய் சொன்னீர்கள். கார் என்னுடையது என்றால், என் காரை என்னைக் கேட்காமல் விற்றீர்கள். இரண்டில் எது? மைக்கைக் கையில் பிடித்து, அக்காவைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள்.